ஐரோப்பாவை ஒப்பிடப் போகிறீர்களா? முதலில் நில அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்

எஸ்.டி.பி.எம். முடிவு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் திறந்திருக்கும் வாரங்களில் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும்: “பொது நிர்வாகம் எடுக்கலாமா? அதில் ஐரோப்பிய ஆய்வு, ஒப்பீட்டு நிர்வாகம் என்றெல்லாம் பாடம் இருக்கிறதே, அது நமக்கு எதற்கு?” அப்பா அம்மா கேட்டால் கேள்வி சுருங்கிவிடும்: “படிச்சா வேலை கிடைக்குமா சார்?”

எடுக்கலாம். வேலைக்கும் வழி உண்டு, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பா என்றதும் பிரசல்ஸில் எத்தனை அமைப்பு, எந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு என்று மனப்பாடம் செய்துவிட்டு, மலேசியாவைப் பற்றிக் கேட்டால் செய்தித்தாளில் படித்ததைச் சொல்லும் மாணவர்கள்தான் நம்மிடம் அதிகம். ஒப்பிட இரண்டு பக்கம் வேண்டும். ஒரு பக்கம் உங்கள் ஊர். அந்த ஊரின் நில அலுவலகமும் ஊராட்சி மன்றமும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியாதவருக்கு ஜெர்மனியைப் பற்றி எவ்வளவு தெரிந்தாலும் தேர்வுத்தாளை நிரப்பத்தான் உதவும்.

பேராக்கில் பிறந்தவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1874 ஜனவரி 20 அன்று கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தால் பிரிட்டிஷ் ரெசிடெண்டு முறை இங்கே வந்தது. முதல் ரெசிடெண்டு பெர்ச் மறு ஆண்டு நவம்பரிலேயே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். பின்னால் வந்த ஹியூ லோ 1877இல் மாநில மன்றம் ஒன்றைக் கூட்டி, மலாய்த் தலைவர்களையும் சீனத் தலைவர்களையும் அதில் உட்கார வைத்துக் காரியம் நடத்தினார். கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்டவரும் அவர்தான். ரெசிடெண்டு என்ற ஏற்பாடு இந்தியச் சமஸ்தானங்களிலிருந்து வந்தது. நில உரிமையைப் பதிவேட்டில் பதிந்து, பதிவே உரிமை என்று ஆக்கும் டோரன்ஸ் முறை 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இங்கு வந்து, இன்று 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்புக்கு முதுகெலும்பாக இருக்கிறது. ஆக, உங்கள் மாவட்ட அலுவலகமே பல தேசத்துச் சரக்கு.

பாடப்புத்தகம் மட்டும் வேறு திசையிலிருந்து வந்தது. 1966இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் மாண்ட்கோமரி, எஸ்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மலேசிய நிர்வாகத்தைப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பேரில் பிரதமர் துறையில் வளர்ச்சி நிர்வாகப் பிரிவு உருவானது. அதே 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார, நிர்வாகப் புலம் தொடங்கியது. 1972இல் இந்தான் என்கிற தேசிய பொது நிர்வாகக் கழகம் வந்தது. அலுவலகம் பிரிட்டிஷ், பாடம் அமெரிக்கன் என்ற இந்தக் கலவையில்தான் நம் பொது நிர்வாகக் கல்வி வளர்ந்தது. இரண்டுமே ஆங்கிலம் பேசும் உலகத்தின் சரக்கு. ஐரோப்பியப் பாடத்தின் பயன் இங்கேதான் தெரியும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நிர்வாகம் என்பது முதலில் சட்டம். அதிகாரி ஒரு முடிவெடுத்தால் அதை எதிர்த்துப் போகத் தனி நிர்வாக நீதிமன்றம் உண்டு. ஸ்வீடனில் அரசுக் காகிதத்தைக் குடிமகன் கேட்டு வாங்கும் உரிமை 1766இலேயே சட்டமானது, மக்கள் குறை கேட்கும் ஓம்புட்ஸ்மன் பதவி 1809லிருந்து இருக்கிறது. நம்முடைய பொதுப் புகார்ப் பிரிவு 1971இல்தான் வந்தது. நாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பலவும் ஒரு தெரிவுதான் என்பது இதையெல்லாம் படிக்கும்போதுதான் உறைக்கும்.

அதனால் முதல் யோசனை: “ஐரோப்பா” என்று ஒன்றை எடுக்காதீர்கள். ஒரு நாடு, அதில் ஒரு நடைமுறை, இந்தப் பக்கம் பேராக்கில் அதே வேலையைச் செய்யும் ஒரு நடைமுறை. இளங்கலை ஆய்வேட்டுக்கு இதற்கு மேல் தேவையில்லை. முதுகலைக்குக்கூட இது போதும்.

எப்படி என்று ஒன்றைச் செய்து காட்டுகிறேன்.

தோட்டம் விற்கப்படுவதை எடுத்துக்கொள்வோம். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். லயத்தில் இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருசேர இழந்தன. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை அரசாங்கத்துக்காக ஆராய்ந்து பல பாகங்களில் எழுதியவர் உங்கு அசிஸ். பொது நிர்வாகம் படிக்கும் நம் பிள்ளைகளில் அந்தப் பாகங்களைப் புரட்டிப் பார்த்தவர் குறைவு. அதே காலத்தில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அது மக்கள் தரப்பின் பதில். அரசின் பதில் நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவாக வந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் முன் அனுமதி வேண்டும்.

இப்போது பிரான்சுக்குப் போவோம். அங்கே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் ‘சஃபேர்’ என்ற அமைப்புகள் வந்தன. லாப நோக்கமில்லாத நிறுவனங்கள். விவசாய அமைச்சும் நிதி அமைச்சும் மேற்பார்வை செய்கின்றன. ஒருவர் விவசாய நிலத்தை விற்கப் போனால், பத்திரம் எழுதும் நோட்டரி முதலில் சஃபேருக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். இரண்டு மாதத்துக்குள் சஃபேர், “அந்த நிலத்தை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்” என்று குறுக்கே வரலாம். வாங்கிய நிலத்தை அது வைத்துக்கொள்ளக் கூடாது. வேறு விவசாயிக்கு விற்றுவிட வேண்டும். இதைவிட நமக்கு முக்கியமானது இன்னொன்று. அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருப்பவர் ஒருவர் இருந்தால், வாங்கும் முதல் உரிமை சஃபேருக்குக்கூட இல்லை, அவருக்குத்தான். 1946ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டம் கொடுத்த உரிமை அது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மனது துள்ளும். “பார்த்தீர்களா, பிரான்சில் உழுபவனுக்கு முதல் உரிமை, இங்கே மூன்று தலைமுறை பால் வெட்டியவனுக்கு ஒன்றுமில்லை” என்று எழுதத் தோன்றும். மேடைப் பேச்சுக்கு அது போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. பிரெஞ்சுக் குத்தகைதாரர் சொந்தப் பொறுப்பில் பயிர் செய்கிறவர். லாபமும் நட்டமும் அவருடையது. நம் தோட்டத் தொழிலாளி கூலிக்கு வேலை செய்தவர். வீடு வேலையோடு ஒட்டி வந்தது, வேலை போனால் வீடும் போகும். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம்கூட வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு முதலாளி செய்ய வேண்டியதைப் பற்றித்தான் பேசுகிறது. ஓய்வு பெற்று லயத்திலேயே இருந்துவிட்ட பாட்டியைப் பற்றி அது பேசவில்லை. ஆக, ஒரே பேர் கொண்ட இரண்டு பொருளை நீங்கள் ஒப்பிடவில்லை. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஏற்பாடுகளைத் தேடுகிறீர்கள். அப்படித் தேடும்போது கேள்வி கூர்மையாகும். ஒரு நிலம் கைமாறும்போது அதில் இருப்பவருக்கு முன்னுரிமை கொடுப்பதென்றால் எதை வைத்துக் கொடுப்பது? குடியிருந்த ஆண்டுகளையா, உழைத்த ஆண்டுகளையா, முதலீட்டையா? விற்பனை நடக்கப் போகிறது என்ற தகவலாவது அவருக்கு முன்கூட்டிப் போக வழி உண்டா? பிரான்சில் நோட்டரி செய்யும் வேலையை இங்கே யார் செய்கிறார்? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல ஆய்வேடு எழுதலாம்.

இனி இந்தப் பக்கத்துச் சான்று. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் எந்த நிலத்தைப் பற்றியும் யாரும் ‘சாரியான் பெர்செண்டிரியான்’, அதாவது தனியார் தேடல், எடுக்கலாம். சட்டமே கொடுத்த வழி. யாரையும் கெஞ்ச வேண்டாம். கைக்கு வரும் தாளில் மாவட்டம், முக்கிம், லாட் எண், பரப்பு, உரிமையாளர் பெயர், அடமானம் இருந்தால் அது, தடை மனு இருந்தால் அது எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ‘ஷாராட் ஞாத்தா’ என்று போட்டிருக்கும் வரி. அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்ற நிபந்தனை அது. பழைய உரிமைகளில் அங்கே ‘கெத்தா’ என்று இருப்பதுண்டு. வெளியே போய்ப் பார்த்தால் செம்பனை நிற்கும், அல்லது மண்ணை வாரி வீட்டு மனை போட்டிருப்பார்கள். தாளில் மட்டும் ரப்பர் நிற்கும். தாளுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான் நிர்வாகம். அது எப்போது, யார் அனுமதியில், எந்த விண்ணப்பத்தால் மாறியது என்று தேடப் போனால் பாடநூலில் இல்லாத பாடம் கிடைக்கும்.

ஊராட்சி மன்றத்துக்கும் இதே முறைதான். வீட்டில் இரண்டு ரசீதுகளை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒன்று நிலவரி, நில அலுவலகம் வழியாக மாநிலத்துக்குப் போகிறது. மற்றது மதிப்பீட்டு வரி. ஆண்டுக்கு இரு முறை மன்றத்துக்குப் போகிறது. ஈப்போவில் மாநகர் மன்றம், சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். தோட்டத்தில் இருந்த குடும்பங்களிடம் இரண்டு ரசீதும் இராது. நிலம் கம்பெனியுடையது, வரியும் கம்பெனியுடையது. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை என்று போய்க் கேட்டால் “அது தனியார் நிலம்” என்ற பதில் வரும். ஆண்டுக்கணக்கில் கேட்டுச் சலித்த பதில். ஜெர்மனியில் நிலவரியும் ஊராட்சிக்கே போகிறது. வரியைக் கணக்கிடும் பெருக்கெண்ணை ஊராட்சி மன்றமே தீர்மானிக்கிறது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, உள்ளூர்க் காரியங்களை நடத்தும் உரிமையை ஊராட்சிகளுக்கு உறுதி செய்கிறது. ஆனால் ஜெர்மனியைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அங்கே நிலத்தின் மதிப்பு மேற்குப் பகுதியில் 1964ஆம் ஆண்டுக் கணக்கிலும் கிழக்கில் 1935ஆம் ஆண்டுக் கணக்கிலும் நின்றுபோயிருந்தது. 2018 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, புதிய முறை 2025இல்தான் வந்தது. நம் 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு, மாநிலம் விரும்பினால் தள்ளிப்போடலாம் என்றும் சொல்கிறது. வரியை மறுமதிப்பீடு செய்ய அரசியல்வாதிகள் ஏன் எல்லா நாட்டிலும் தயங்குகிறார்கள்? நாடுகளை ஏற்றி இறக்கிப் பேசுவதைவிட இது நல்ல கேள்வி.

மன்றத் தேர்தல் என்று வந்தால் ஈப்போக்காரர்களுக்கு ஊர் வரலாறே சொந்தம். டி.ஆர். சீனிவாசகம், எஸ்.பி. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகர மன்றத்தைத் தேர்தலில் வென்று நடத்திய காலம் ஒன்று உண்டு. 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 1968இல் அறிக்கையை முடித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்றது. அறிக்கை வெளிவந்தது 1971இல். 1976ஆம் ஆண்டுச் சட்டம் நேர் எதிராகப் போய், நியமன உறுப்பினர்களை நிலைப்படுத்தியது. ஒரு தமிழர் தலைமை தாங்கிய, இந்த நாட்டின் ஊராட்சி பற்றிய மிக விரிவான ஆய்வுகளில் ஒன்றான அந்த அறிக்கையைப் பொது நிர்வாகம் படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு முறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். பிறகு ஐரோப்பிய மன்றத்தின் 1985ஆம் ஆண்டு உள்ளூர்த் தன்னாட்சிச் சாசனத்தை எடுங்கள். அதன் 3ஆம் பிரிவு, மன்றங்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கிறது. “ஆகவே மலேசியாவிலும் தேர்தல் வேண்டும்” என்று முடிக்கும் ஆய்வேடுகளைப் படித்துத் தேர்வாளர்களுக்குச் சலித்துவிட்டது. வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் கருத்து. நியமன உறுப்பினரிடம் போன ஒரு புகாரும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரிடம் போன அதே மாதிரிப் புகாரும் எத்தனை மேசைகளைக் கடந்து எங்கே நின்றன என்று காட்டுங்கள். யாரும் மறுக்க முடியாது.

எஸ்டோனியாவையும் நினைவில் வையுங்கள். நாம் மைகார்டைக் கொண்டுவந்தது 2001இல். எஸ்டோனியா தன் சில்லு அட்டையை 2002இல் கொடுத்தது. இருபது ஆண்டில் இரண்டு அட்டைகளும் போன தூரம் வேறு. அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்றும் அங்கே உண்டு. சோவியத் யூனியன் உடைந்தபின் எந்தக் குடியுரிமையும் இல்லாமல் சாம்பல் நிறக் கடப்பிதழோடு நின்ற ஒரு பெருங்கூட்டம் அது. சிவப்பு அடையாள அட்டையோடும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும் அலைந்த தோட்டத்துக் குடும்பங்களை அறிந்த மாணவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இதில் ஓர் எச்சரிக்கை: குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளும் எஸ்டோனியாவில் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று பழைய நூல்கள் எல்லாம் சொல்லும். 2025இல் அரசியலமைப்பைத் திருத்தி அந்த உரிமையைச் சுருக்கிவிட்டார்கள். ஐரோப்பாவைப் பற்றி எழுதும்போது நூலின் பதிப்பாண்டைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

வேலைக்கு வருவோம். அரசாங்க வேலை என்றால் எல்லாரும் சொல்வது பி.டி.டி. என்ற நிர்வாக, அரசதந்திரச் சேவை. பொதுச் சேவை ஆணையம் நடத்தும் இணையத் தேர்வு, மதிப்பீட்டு முகாம், நேர்காணல் என்று படிப்படியாகப் போகும். முன்பு 41ஆம் தரம் என்றது புதிய சம்பள முறையில் 9ஆம் தரம். பொது நிர்வாகப் பட்டதாரிக்கு அதில் தனிச் சலுகை எதுவும் இல்லை. பொறியியல் படித்தவரும் வரிசையில் நிற்பார். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழிக்கு கிரெடிட் இல்லாமல் பேச்சே கிடையாது. நம்மவர்கள் மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றங்கள் தாங்களே விளம்பரம் செய்து எடுக்கும் வேலைகளை ஏனோ பார்ப்பதே இல்லை. அங்கேயும் விண்ணப்பியுங்கள்.

அரசாங்கத்துக்கு வெளியே ஒரு கதவு புதிதாகத் திறந்திருக்கிறது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புத் தடுப்பு ஒழுங்குமுறையை நிறைவேற்றியது. ரப்பரும் செம்பனையும் அதன் ஏழு பண்டங்களில் அடக்கம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் நுழையக் கூடாது. எந்தத் துண்டு நிலத்தில் விளைந்தது என்ற இட ஆயத்தொலைவு வேண்டும். 4 ஹெக்டருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லைக்கோடே வேண்டும். அமலாகும் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. மலேசியாவை நடுத்தர அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். விளைவு என்ன? கோலகங்சார் பக்கத்துச் சிறுதோட்டக்காரர் விற்கும் கட்டிப்பால் பிரசல்ஸில் எழுதிய விதிக்குள் வந்துவிட்டது. அந்த விதியையும் படிக்கத் தெரிந்து, முக்கிம் வரைபடத்தையும் லாட் எண்ணையும் படிக்கத் தெரிந்து, சிறுதோட்டக்காரரிடம் தமிழிலும் மலாயிலும் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் தோட்டக் கம்பெனிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் சான்றிதழ் நிறுவனங்களுக்கும் தேவை. ஐரோப்பிய ஆய்வு நமக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். தொழிற்சங்கத்துக்கும் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

எங்கே படிப்பது? பொது நிர்வாக டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் யு.ஐ.டி.எம்.தான் பெரிய கதவு, ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கு. நமக்கு வடக்கே கெடா சிந்தோக்கில் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் பொது மேலாண்மைப் பட்டம், தெற்கே மலாயாப் பல்கலைக்கழகம். முதுகலைக்குப் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆசிய-ஐரோப்பியக் கழகம் இருப்பதைப் பலரும் அறிவதில்லை. 1996இல் பேங்காக்கில் நடந்த முதல் ஆசிய-ஐரோப்பிய உச்சநிலை மாநாட்டுக்குப் பிறகு 1997இல் தொடங்கப்பட்டது. வட்டார ஒருங்கிணைப்பு, ஆசியான் ஆய்வு போன்ற முதுகலைப் படிப்புகளை நடத்தி வந்திருக்கிறது. விமானம் ஏறாமல் ஐரோப்பிய ஆய்வுக்குள் நுழைய அது நல்ல வாசல்.

இளங்கலைக்கே ஐரோப்பா போக வேண்டாம் என்பேன். இங்கே முடித்து, முடிந்தால் இரண்டு ஆண்டு வேலை பார்த்து, முதுகலைக்குப் போங்கள். போகும்போது கிரெடிட் கணக்கு பயமுறுத்தும். இங்கே ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல், இளங்கலைக்கு 120 கிரெடிட். அங்கே ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம், இளங்கலைக்குக் குறைந்தது 180. பெருக்கிப் பாருங்கள்: நம்முடையது 4,800 மணி நேரம், அவர்களுடையது 4,500 முதல் 5,400 வரை. “உங்கள் பட்டம் 60 கிரெடிட் குறைவு” என்று சேர்க்கை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் பதறாமல் இந்தக் கணக்கை, பாடவாரியாக மணி நேரம் போட்ட பல்கலைக்கழகக் கடிதத்தோடு அனுப்புங்கள். திரும்பி வந்து அரசாங்க வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுமா என்று எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். முகவர் வாய்மொழியாகச் சொல்வது கணக்கில் வராது.

பணம். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. கட்டணம் இல்லை என்று சொல்லும் முகவர்கள் விசாவுக்கு ஏறத்தாழ 12 ஆயிரம் யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். நகை அடகு வைத்துப் போகும் அளவுக்கு இது அவசரமான படிப்பில்லை. இராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையைக் குறி வையுங்கள்: கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, இரண்டு ஆண்டு வரை. லூவன், முன்ஸ்டர், தாலின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பொதுத்துறைப் புத்தாக்கமும் மின்னாளுகையும் பற்றிய முதுகலை அந்த வழியில் வந்தது. எஸ்டோனியக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் தெரியவில்லை. பிரிட்டன் என்றால் செவ்னிங் உதவித்தொகை. ஓராண்டு முதுகலை, இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும்.

மொழியில் ஏமாற வேண்டாம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், ஆவணம் ஆங்கிலத்தில் இராது. சஃபேரைப் பற்றி எழுதப் போகிறவர் பிரெஞ்சுச் சட்டத்தை அகராதி வைத்தாவது மூலத்தில் படிக்கும் அளவுக்கு வர வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியை வழி தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம், மேற்கோள் எடுக்க அல்ல. கோலாலம்பூரில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்குக் கோத்தே நிலையம் இரண்டும் இருக்கின்றன. இங்கிருக்கும்போதே தொடங்கிவிட்டால் அங்கே போய்த் திண்டாட வேண்டாம்.

இந்தப் பக்கத்து ஆவணங்களில் வேறு வகைச் சிக்கல். தகவல் உரிமைச் சட்டம் சிலாங்கூரிலும் பினாங்கிலும் உண்டு, பேராக்கில் இல்லை. மன்றத்துக் கோப்பைக் கொடுங்கள் என்று உரிமையோடு கேட்க முடியாது. அதிகாரி மறுத்தால் சண்டைக்கு நிற்காதீர்கள். அவருக்கு 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் தலைமேல் தொங்குகிறது. யாரும் பார்க்கக்கூடிய காகிதங்களை முதலில் சேருங்கள்: தனியார் தேடல் தாள், தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, மாநிலச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, பழைய காலத்துக்குப் பேராக் ஆண்டு நிர்வாக அறிக்கைகள். இவற்றைப் படித்துவிட்டு, மேற்பார்வையாளர் கடிதத்தோடு போய், “இந்த ஆண்டு, இந்த லாட், இந்த விண்ணப்பம்” என்று குறிப்பாகக் கேட்டால், எதிரில் இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்கார்வார். பொதுவாகக் கேட்கிறவரைத்தான் நாளைக்கு வரச் சொல்வார்கள்.

இராஸ்மஸ் முண்டுஸ் விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் திறந்து ஜனவரி, பிப்ரவரியில் மூடும். பரிந்துரைக் கடிதம் எழுதும் விரிவுரையாளர்கள் டிசம்பரில் விடைத்தாளுக்குள் மூழ்கியிருப்பார்கள், செப்டம்பரிலேயே கேட்டுவிடுங்கள். நோக்க அறிக்கையின் முதல் பத்தியில் ஐரோப்பிய நாகரிகத்தைப் புகழ வேண்டாம். தேர்வுக் குழுவினர் அதை நிறையப் படித்துவிட்டார்கள். உங்கள் லாட் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.